மூச்சுக் காக்கக் கற்றல்

அறுவை சிகிச்சை என்றதும் நம்மவர் நெஞ்சில் முதலில் தோன்றுவது கத்திதான். "கத்தி வைத்தே ஆகவேண்டுமா, டாக்டர்?" என்று கேட்பவர் பலர். "நான் நினைவிழந்து கிடக்கும்போது எனக்காக மூச்சு விடுவது யார்?" என்று கேட்பவரைக் காண்பது அரிது. கேட்கவேண்டிய கேள்வியோ அதுதான். பெரிய அறுவைக்கு நோயாளியை உறங்கச் செய்வதோடு, தசைகளைத் தளர்த்தும் மருந்தையும் கொடுக்கிறோம். அம்மருந்து வயிற்றுத் தசையை மட்டும் தளர்த்திவிட்டு, மூச்சுத் தசையை விட்டுவைப்பதில்லை. ஆகவே ஒரு நிமிடத்திற்குள் அம்மனிதர் தாமாக மூச்சு விடும் ஆற்றலை இழந்துவிடுகிறார். அதுமுதல் அவருடைய மூச்சு மயக்க மருத்துவரின் கையில் இருக்கிறது. வாய் வழியாகக் குரல்வளையைக் கடந்து மூச்சுக்குழாய்க்குள் ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி, அதன் வழியே பிராணவாயுவை ஊட்டவேண்டும். மருத்துவமனைப் பேச்சில் இதை 'ட்யூப் போடுதல்' என்பர். இந்தச் செயலைக் கற்கும் இளம் மருத்துவர்கள் எந்த முறையில் கற்றால் நோயாளிக்குத் தீங்கு குறையும் என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நான் பணிபுரிவது செம்பரம்பாக்கத்தை அடுத்த பகுதியில். சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் பூவிருந்தவல்லியைக் கடந்தால் ஏரிக்கரை. அதற்கு அப்பால் தண்டலம், இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் என்று தொழிற்சாலைகளின் வரிசை. தண்டலத்தில் சவீதா மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இச்சாலையை ஒட்டி வேறு கல்லூரிகளும் மருத்துவமனைகளும் உள்ளன. ஆண்டுதோறும் மயக்கவியலில் மூன்றாண்டுப் பட்ட மேற்படிப்புக்கு இளைஞர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு முதல் பாடத்தை நான் ஏரியைக் காட்டியே சொல்வது வழக்கம்.

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. வடகிழக்குப் பருவத்தில் நிரம்பினால்தான் கோடையில் சென்னை நகரம் குடிக்கும். மனிதனுடைய நுரையீரலும் ஓர் ஏரியே. சாதாரணமாக மூச்சை விட்டு முடித்த பின்னும் அதில் 2 முதல் 2.5 லிட்டர் காற்று எஞ்சி நிற்கும். வெளிக்காற்றாக இருந்தால் அதில் பிராணவாயு அரை லிட்டருக்கும் குறைவு. உடலோ நிமிடத்திற்கு ஏறத்தாழ கால் லிட்டர் பிராணவாயுவைச் செலவிடுகிறது. அப்படியானால் கையிருப்பு ஓரிரு நிமிடத்திற்குத்தான். ஆனால் மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பே, முகமூடியைப் பொருத்தி, மூன்று நிமிடம் தூய பிராணவாயுவைச் சுவாசிக்கச் செய்தால் ஏரி நிரம்பிவிடுகிறது. நல்ல உடல்நிலையுள்ள இளைஞருக்கு அதன்பின் ஏழெட்டு நிமிடம்வரை அவகாசம் கிடைக்கும். கருவுற்ற தாய்க்கும், மிகப் பருத்த உடலினர்க்கும், காய்ச்சலால் வாடுபவர்க்கும் ஏரி சிறிது, செலவு பெரிது. அவர்களுக்கு அவகாசம் மிகக் குறைவு. குழாய் செலுத்தும் முறைகளைப் பற்றி என்ன வாதம் செய்தாலும், எல்லாம் இந்தச் சில நிமிடங்களுக்குள் அடங்கவேண்டும்.

முதலில் இக்கலை வளர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1878ஆம் ஆண்டு ஜூலையில், கிளாஸ்கோ நகரின் அறுவை மருத்துவர் வில்லியம் மெக்யூவன், நோயாளியின் வாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தே மூச்சுக்குழாய்க்குள் ஓர் உலோகக் குழாயைச் செலுத்தினார். கண்ணுக்கு வேலையில்லை, விரல்தான் வழிகாட்டி. 1895இல் பெர்லினில் ஆல்ஃபிரட் கிர்ஸ்டைன் என்பவர் ஒரு கருவியால் நாக்கை விலக்கிக் குரல்வளையை நேராகவே கண்ணால் கண்டார். லாரிங்காஸ்கோப் என்ற குரல்வளைநோக்கியால் நேராகப் பார்க்கும் முறையின் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது. முதல் உலகப் போரில் முகம் சிதைந்து வந்த வீரர்களுக்கு இங்கிலாந்தில் சிட்கப் என்னுமிடத்தில் முகச்சீரமைப்பு நடந்தபோது, முகமூடி வைக்க முகமே இல்லாத நிலையில், மாகில், ரௌபாதம் என்னும் இருவர் மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் ரப்பர்க் குழாய்களைச் செலுத்தும் வித்தையைச் செம்மைப்படுத்தினர்.

இன்று நம் நாட்டின் சிறு ஊர் மருத்துவமனைகளிலும் காணப்படும் வளைந்த தகட்டுக் கருவி 1943இல் வந்தது. அதைத் தந்தவர் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராயிருந்த ராபர்ட் மெக்கின்டாஷ். டான்சில் அறுவைக்காக ஒருவருடைய வாயைத் திறந்து பிடிக்கும் கருவியைப் பொருத்தும்போது, குரல் நாண்கள் தற்செயலாகத் தெளிவாகத் தெரிந்தனவாம். அதைக் கண்டவர் பலர் இருந்திருப்பர். ஏன் தெரிகிறது என்று நின்று யோசித்தவர் அவர். அதற்கு முன் 1941இல் வந்த மில்லரின் நேரான தகடு, குரல்வளை மூடியையே அடியிலிருந்து தூக்கிப் பிடிக்கும். மெக்கின்டாஷின் வளைந்த தகடோ அம்மூடியைத் தொடுவதில்லை. நாக்கின் அடிக்கும் மூடிக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் நுனியை வைத்துத் தூக்கினால், கிணற்று மூடியைக் கயிறு கட்டித் தூக்கியதுபோல் அது தானே எழுந்து வழிவிடும்.

இவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டேன். கை அறிவது அவ்வளவு எளிதன்று. கருவியை இடக்கையில் பிடிக்கவேண்டும். வலப்பக்க உதட்டோரமாக நுழைத்து, நாக்கை இடப்பக்கம் ஒதுக்கவேண்டும். பின்பு கைப்பிடி காட்டும் திசையிலேயே, முன்னும் மேலுமாகத் தூக்கவேண்டும். புதிதாகக் கற்பவர் எல்லாரும் செய்வது ஒன்று உண்டு: தூக்குவதற்குப் பதில் கடப்பாரையைப்போல் நெம்புவார்கள். மேல்வரிசைப் பல் அந்தக் கடப்பாரைக்கு முட்டுக் கல்லாகிவிடும். நெம்பினால் பல் போகும், குரல்வளையும் தெரியாது. 'தூக்கு, நெம்பாதே' என்று நான் என் வாழ்நாளில் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. சொல்லிப் பயனும் அதிகமில்லை. சைக்கிள் ஓட்டச் சொல்லால் கற்றவர் யார்?

சொல்லால் வராததைப் பழக்கத்தால்தான் பெறவேண்டும். எத்தனை முறைப் பழக்கம்? இதைச் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் எண்ணிப் பார்த்து 1998இல் வெளியிட்டார்கள். மயக்கவியலில் முதலாண்டு கற்பவர், நூற்றுக்குத் தொண்ணூறு முறை வெற்றி காணும் நிலைக்கு வர, சராசரியாக 57 நோயாளிகளுக்குக் குழாய் செலுத்தவேண்டியிருக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கு அது ஓர் எண். எனக்கு அந்த எண்ணைக் காணும்போதெல்லாம் மனிதர்கள்தாம் தோன்றுகிறார்கள். அந்த 57 பேர் யார்? நம் நாட்டில் கற்பிக்கும் மருத்துவமனைக்கு வருவோர் பெரும்பாலும் ஏழை எளியவர். இலவசப் படுக்கைக்கும் குறைந்த கட்டணத்திற்கும் அவர்கள் தரும் விலை, இளம் மருத்துவரின் ஏழாவது முயற்சியோ பன்னிரண்டாவது முயற்சியோ தம் தொண்டையில் நிகழ இசைவது. செல்வர் ஒருவர் பெரிய மருத்துவமனையில் பெறும் தேர்ந்த கை, இந்த 57 பேரின் தொண்டையில் தேர்ந்த கைதான். இந்தக் கடனைக் கணக்கில் வைத்தே முறைகளை ஒப்பிடவேண்டும் என்பது என் கருத்து.

சில ஆண்டுகளுக்கு முன், உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் காது அறுவைக்காகச் சேர்ந்திருந்தார். முதல்நாள் மாலை, என் மாணவி ஒருவருடன் அவரைப் பார்க்கச் சென்றேன். திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அவருடைய தாயார் வந்து துணைக்கு இருந்தார். மாணவி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, கழுத்தை நிமிர்த்தச் சொல்லிப் பார்த்து, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் கேட்டார்: "ஏம்மா, என் பிள்ளைக்கு நாளைக்குக் குழாய் போடுறது நீயா? இதுக்கு முன்னாலே எத்தனை பேருக்குப் போட்டிருக்கே?"

மாணவி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "பதினோரு பேருக்கும்மா. சார் பக்கத்திலேயே இருப்பார்" என்றாள். உண்மையைச் சொன்னாள். அந்த அம்மாள் சற்று நேரம் பேசவில்லை. பின்பு என்னைப் பார்த்து, "அப்ப சரி. பக்கத்திலேயே இருங்க ஐயா" என்றார்.

மறுநாள் நான் பக்கத்திலேயே இருந்தேன். குழாயும் செவ்வனே சென்றது. ஆனால் நேயர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். மெக்கின்டாஷ் கருவியில் குரல்வளையைக் காண்பது ஒரே ஒரு கண். அது கருவியைப் பிடித்தவரின் கண். ஆசிரியர் ஓர் அடி தொலைவில் நின்றாலும், அவர் காண்பது மாணவரின் பின்தலையைத்தான். "என்ன தெரிகிறது?" என்று கேட்கவேண்டும், "குரல்வளை மூடி தெரிகிறது, சார்" என்று மாணவர் சொல்வதை நம்பவேண்டும். சில வேளை அது மூடியாக இராது. உணவுக்குழாயின் வாயாக இருக்கும். பாட்டு வாத்தியார் சீடன் பாடுவதைக் கேட்கிறார். தச்சர் பையன் இழைப்பதைப் பார்க்கிறார். எழுபது எண்பது ஆண்டுகளாக நாங்கள் மட்டும் சீடன் காண்பதைக் காணாமலே கற்பித்துவந்தோம்.

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததே வீடியோ லாரிங்காஸ்கோப். தகட்டின் நுனியருகே ஒரு நுண்ணிய காமிரா. வெளியே ஒரு திரை. ஜான் பேசி என்னும் கனடா நாட்டு அறுவை மருத்துவர் உருவாக்கிய கிளைட்ஸ்கோப் 2001இல் வழக்கத்திற்கு வந்தது. அதன்பின் பல வகைகள் பெருகின. கண்ணை வாய்க்கு நேராகக் கொண்டுவரவேண்டிய தேவையில்லை. காமிராவே மூலை திரும்பிப் பார்த்துச் சொல்லிவிடும்.

இவை வந்த நாள்முதல் பட்ட மேற்படிப்பு மாணவர்களின் ஆய்வேடுகளுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு மாணவரும் ஓர் ஆய்வேடு எழுதியே ஆகவேண்டும். மெக்கின்டாஷும் மெக்காயும், மெக்கின்டாஷும் வீடியோவும், ஒரு வீடியோவும் மற்றொரு வீடியோவும் என்று ஒப்பிட்டு எழுதுகிறார்கள். மெக்காய் என்பது 1993இல் வந்த தகடு. நுனியில் ஒரு கீல் இருக்கும். நெம்புகோலை அழுத்தினால் நுனி மட்டும் நிமிரும். இவ்வேடுகளில் அளப்பவை பெரும்பாலும் நான்கு: குழாய் செல்ல எத்தனை வினாடி ஆயிற்று, குரல்வளை எந்த அளவு தெரிந்தது, எத்தனை முயற்சி, நாடியும் இரத்த அழுத்தமும் எவ்வளவு உயர்ந்தன. குரல்வளை தெரியும் அளவை நான்கு படிகளாக வகுத்தவர்கள் கார்மாக், லிஹேன் என்னும் இருவர், 1984இல். அறுவைக்கு முன்பே, வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லித் தொண்டையின் தோற்றத்தால் இடர்ப்பாட்டை ஊகிக்கும் சோதனையை 1985இல் விளக்கியவர் மல்லம்பட்டி சேஷகிரி ராவ். ஆந்திர நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் பணிபுரிந்தவர். உலகெங்கும் மயக்க மருத்துவர் நாள்தோறும் உச்சரிக்கும் தெலுங்குப் பெயர் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

இந்த ஆய்வேடுகளைப் பற்றி எனக்குச் சில மனக்குறைகள் உண்டு. முதலாவது, வினாடிக் கணக்கு. ஒரு முறையில் 18 வினாடி, மற்றொன்றில் 27 வினாடி என்று கண்டு, முதல் முறையே சிறந்தது என்று முடிவுகட்டுவார்கள். ஏரி நிரம்பியிருக்கும் நோயாளிக்கு ஒன்பது வினாடி ஒரு பொருட்டன்று. முதல் முயற்சியிலேயே குழாய் சரியான இடத்திற்குச் சென்றதா என்பதே பொருட்டு. இரண்டாம் முயற்சி, மூன்றாம் முயற்சி என்று போகப் போகத் தொண்டை வீங்கும், குருதி கசியும், வழி குறுகும். அவசரமாகச் சென்று தவறான கதவைத் தட்டுவதைவிட, நிதானமாகச் சென்று சரியான கதவைத் தட்டுவது மேல்.

இரண்டாவது, கருவி யார் கையில் என்பது. மெக்கின்டாஷில் ஐந்நூறு முறை பழகிய ஒருவர் வீடியோவை ஐந்து முறை பிடித்துப் பார்த்து இரண்டையும் ஒப்பிட்டால், அது கருவிகளின் ஒப்பீடாகாது; பழக்கத்தின் ஒப்பீடே ஆகும். இரண்டையும் புதிதாகக் கற்பவரிடம் சோதித்தாலோ விடை வேறாகிறது. மூன்றாவது, பொம்மை. ரப்பர் பொம்மையின் தொண்டையில் பழகுவது மிக நல்லது. முதல் சில தவறுகளை மனிதர் பொறுக்கவேண்டியதில்லை. ஆனால் பொம்மைக்கு எச்சில் ஊறாது, இரத்தம் வராது, பிராணவாயு குறையாது. பொம்மையில் வென்ற கருவி மனிதரிடமும் வெல்லும் என்று சொல்வது, தரையில் நீச்சல் பழகியவனை ஏரியில் இறக்குவதற்கு ஒப்பாகும்.

வீடியோவுக்கும் ஒரு சூது உண்டு. திரையில் குரல்வளை முழு நிலவுபோல் தெரியும்; குழாய் மட்டும் போகாது. கண் மூலை திரும்பிவிட்டது, குழாய் திரும்பவேண்டுமே! மிக வளைந்த தகடுள்ள கருவிகளில், குழாய்க்குள் ஒரு வளைந்த கம்பியை வைத்து, அதே வளைவில் கொண்டுபோகவேண்டும். பழகாதவர், திரையிலேயே கண்ணை நாட்டிக்கொண்டு, வாய்க்குள் குழாய் போகும் வழியைப் பாராமல் தள்ளி, மேலண்ணத்தைக் கிழித்த நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. ஆகவே நான் என் மாணவர்களுக்குச் சொல்லும் வரிசை இது: கருவி நுழையும்போது வாயைப் பார், பின்பு திரையைப் பார், குழாய் நுழையும்போது மறுபடி வாயைப் பார், அதன்பிறகே திரைக்குப் போ.

இவ்வளவு குறை சொன்ன பின்பும், கணக்கு வீடியோவின் பக்கமே சாய்கிறது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். 2022இல் காக்ரேன் அமைப்பு 222 ஆய்வுகளைத் திரட்டி, இருபத்தாறாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளின் செய்தியைத் தொகுத்தது. வீடியோ முறையில் குழாய் செலுத்தத் தவறுவது குறைகிறது என்று கண்டது. நம் கேள்விக்கு அதைவிட நெருங்கியது 2023இல் வெளியான அமெரிக்கச் சோதனை. அவசரப் பிரிவிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் கவலைக்கிடமாக இருந்த 1,417 பேரைச் சீட்டுப் போட்டதுபோல் இரு கூறாக்கினார்கள். கருவியைப் பிடித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பயிற்சி மருத்துவர்கள். முதல் முயற்சியில் வெற்றி, வீடியோவில் நூற்றுக்கு 85.1, நேர்ப்பார்வை முறையில் 70.8. நூறு பேரில் பதினான்கு பேர் இரண்டாம் முயற்சியிலிருந்து தப்பினர் என்று பொருள். இரத்த அழுத்தச் சரிவு முதலிய கடுமையான தீங்குகளோ இரு பக்கத்திலும் ஏறத்தாழச் சமமாகவே இருந்தன. கண்ணுக்கு ஒளி கொடுத்தாலும், நோயின் கடுமையைக் கருவி குறைத்துவிடாது என்பதை இந்த இரண்டாவது எண் சொல்கிறது. முதல் எண்ணை மட்டும் விளம்பரம் செய்வோர் பலர் இருப்பதால் இதையும் சொல்லிவைக்கிறேன்.

எங்கள் சாலையில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. ஷிப்டு மாறும் வேளைகளில் தொழிற்சாலைப் பேருந்துகளும், லாரிகளும், இருசக்கர வண்டிகளும் ஒரே சாலையில் நெரிகின்றன. விபத்தில் சிக்கி வருபவரின் கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம். கழுத்தை அசைத்தால் தண்டுவடம் சேதமுற்று ஆயுள் முழுதும் கைகால் வழங்காமற் போகலாம். அசைக்காமல் ஒருவர் இரு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் குழாய் செலுத்தவேண்டும். கழுத்தை நிமிர்த்தினால்தான் நேர்ப்பார்வை கிட்டும். இங்கே அதற்கு வழியில்லை. மூலை திரும்பிப் பார்க்கும் காமிரா இவ்விடத்தில் பேருதவி. இன்னொரு வகையினரும் எங்களிடம் வருகிறார்கள். பல ஆண்டுகளாகப் பாக்கும் பாக்குப் பொடியும் மென்று, கன்னத்தின் உட்புறம் இறுகி நாராகிப்போய், இரண்டு விரல் நுழையுமளவுகூட வாய் திறக்காதவர்கள். அவர்களிடம் மெக்கின்டாஷும் செல்லாது. வீடியோத் தகடும் பெரும்பாலும் செல்லாது. விழித்திருக்கும்போதே தொண்டையை மரக்கச் செய்து, மூக்கு வழியே வளையும் இழை நோக்கியைச் செலுத்தி, அதன்மேல் குழாயை ஏற்றவேண்டும். 1967இல் பீட்டர் மர்ஃபி என்பவர், பித்தநாளத்தைப் பார்க்கும் கருவியை இரவல் வாங்கியதுபோல் எடுத்து இம்முறையைத் தொடங்கிவைத்தார். இதில் கைதேர்ந்த மாணவர் மிகச் சிலரே; வேண்டியவர் பலர்.

அப்படியானால் பழைய கருவியை மூட்டை கட்டிவிடலாமா? நான் உடன்படமாட்டேன். என்னிடம் பயின்றவர் பட்டம் பெற்றுப் போகும் சிறு நகரத்து மருத்துவமனையில் திரை இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. இருந்தாலும் அதன் மின்கலம் உயிரோடிருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. தொண்டையில் இரத்தமோ வாந்தியோ நிறைந்தால் காமிராவின் கண்ணும் மறைந்துபோகும். அவ்வேளையில் மெக்கின்டாஷ் தகடும், இரண்டு பாட்டரியும், ஒரு சிறு பல்பும், பூஜி என்னும் வழிகாட்டிக் குச்சியும்தான் துணை. நான் கண்ட வழி ஒன்று உண்டு. வீடியோக் கருவிகளில் மெக்கின்டாஷின் அதே வளைவில் அமைந்த தகடுள்ளவை கிடைக்கின்றன. மாணவர் அதைப் பிடித்துப் பழைய முறையிலேயே வாய்க்குள் நேராகப் பார்க்கட்டும். திரையை நான் என் பக்கம் திருப்பிக்கொள்கிறேன். கை மெக்கின்டாஷைக் கற்கிறது. ஆசிரியர் கண் தகட்டின் நுனியோடு செல்கிறது. "இன்னும் சிறிது உள்ளே. நில். இப்போது தூக்கு" என்று கண்டு சொல்ல முடிகிறது. மாணவரால் இயலாதபோது திரையை அவர் பக்கம் திருப்பினால் போதும். கருவியை வெளியே எடுத்து நோயாளிக்கு இன்னொரு முயற்சியை உண்டாக்கவேண்டியதில்லை. பக்கத்திலேயே இருங்கள் என்று ஒரு தாய் கேட்டதற்கு இப்போதுதான் முழுப் பொருள் கிடைக்கிறது.

கருவிகளின் வழக்கை இத்துடன் நிறுத்திக்கொண்டு, எந்த ஆய்வேட்டிலும் போதிய இடம் பெறாத ஒன்றைச் சொல்லவேண்டும். 2005ஆம் ஆண்டு இங்கிலாந்தில் எலேன் புரோமிலி என்னும் இளம் தாய், மூக்கு உட்புழையில் சாதாரண அறுவைக்காகச் சென்றார். மயக்கம் கொடுத்தபின் மூச்சு வழியைக் காக்க முடியவில்லை, குழாயும் போகவில்லை. அனுபவம் மிக்க மருத்துவர்கள் ஒன்றுகூடி, பிராணவாயு குறைந்துகொண்டிருக்கையிலும், மீண்டும் மீண்டும் குழாய் செலுத்தவே முயன்றனர். ஒரு செவிலி கழுத்தில் துளையிடும் கருவித் தொகுப்பைக் கொண்டுவந்து, ஆயத்தமாக இருக்கிறது என்று சொன்னார். யாரும் அதை எடுக்கவில்லை. அந்த அம்மையார் சில நாட்களில் இறந்தார். அவருடைய கணவர் விமானி. பழிவாங்கப் புறப்படாமல், விமானத்தில் செய்வதுபோல் நடந்ததை ஆராய்ந்து ஊரறியச் செய்யவேண்டும் என்று வற்புறுத்தினார். கைத்திறன் குறைவால் நேர்ந்த சாவன்று அது. முயற்சியை நிறுத்தும் வேளை வந்துவிட்டது என்பதை உணராமையால் நேர்ந்தது.

நம் நாட்டிலும் 2016இல் அகில இந்திய இடர்மூச்சுவழிச் சங்கத்தார் நெறிமுறைகளை வெளியிட்டார்கள். முயற்சிகளுக்கு வரம்பு வகுத்தார்கள். முயலும்போதே மூக்கு வழியே பிராணவாயு ஓடிக்கொண்டிருக்கட்டும் என்றார்கள். குழாய் போகவில்லையென்றால் லாரிஞ்சியல் மாஸ்க் என்னும், குரல்வளை மேல் கவிந்து நிற்கும் முகமூடி உண்டு. 1980களில் ஆர்ச்சி பிரெயின் என்பவர் தந்த கொடை அது. அதுவும் இயலாதபோது கழுத்தின் முன்புறத்தில் கத்தி. இவற்றை ஒரு படிவரிசையாக மனத்தில் வைத்துக்கொண்டு, எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை உரக்கச் சொல்லவேண்டும். உரக்கச் சொல்லும் துணிவு உதவியாளருக்கும் செவிலிக்கும் இருக்கவேண்டும். நம் மருத்துவமனைகளில் இளையவர் மூத்தவரிடம், "சார், மூன்று முறை ஆகிவிட்டது" என்று சொல்வது எளிதன்று. மரியாதை நாவைக் கட்டிவிடுகிறது. அதை நோயாளியின் பொருட்டு அவிழ்த்துவிடவேண்டும் என்று முதல் வகுப்பிலேயே நான் அனுமதி கொடுத்துவிடுகிறேன்.

குழாய் போய்விட்டது என்பதையும் கண்ணை மட்டும் நம்பி முடிவு செய்யலாகாது. உணவுக்குழாய்க்குள் சென்ற குழாயில் காற்றை அழுத்தினாலும் சில வேளை மார்பு அசைவதுபோல் தோன்றும். நுரையீரலிலிருந்து வரும் காற்றில்தான் கரியமில வாயு மூச்சுக்கு மூச்சு இடைவிடாது வரும். அதை அளந்து அலைகோடாகக் காட்டும் கருவி இன்று உண்டு. கோடு எழாவிட்டால், குழாய் தவறான இடத்தில் இருப்பதாகவே கொண்டு உடனே எடுத்துவிடவேண்டும். தொண்டைக்குள் நான் கண்ணால் பார்த்தேனே என்று வாதாடுவதற்கு அங்கே நேரமில்லை.

என் மாணவர்கள் செலுத்திய குழாய்களை எல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பது வழக்கம்: தேதி, கருவி, எத்தனையாம் முயற்சி, வெற்றியா தோல்வியா. இதில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பத்தியைச் சேர்க்கச் சொன்னேன். 'முயற்சியை நிறுத்திவிட்டு முகமூடி வழியே பிராணவாயு கொடுத்தது யாருடைய முடிவு?' என்பது அதன் தலைப்பு. தொடக்கத்தில் அப்பத்தியில் ஆசிரியர் பெயரே எங்கும் இருந்தது. இப்போது சில பக்கங்களில் மாணவர் தம் பெயரை எழுதுகிறார்கள். சென்ற மாதம் ஒரு பக்கத்தில் செவிலியின் பெயர் இருந்தது.